போடன் பீடமும் சிவாகம ஆராய்ச்சியும்

கி.பி. 1811-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாளில், பம்பாய்ப் படையில் தளபதியாயிருந்து ஓய்வுபெற்ற யோசேப்பு போடன் என்னும் ஆங்கிலேயர் தம் இறுதி முறி ஒன்றை எழுதி வைத்தார். அவர் நோயாளியாய்த் தாயகம் திரும்பியவர். அவ்வாண்டு நவம்பர்த் திங்களிலேயே லிஸ்பன் நகரில் உயிர் நீத்தார். தமக்குப்பின் தம் மகளும் மறைவாளாயின், தம் செல்வம் முழுவதும் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்தல் வேண்டும் என்பதும், அதனைக்கொண்டு வடமொழிக்குப் பேராசிரியப் பீடம் ஒன்று நிறுவப்படுதல் வேண்டும் என்பதும் அம்முறியிற் கண்டவை. இவ்வளவில் நின்றிருப்பின் அஃது ஒரு கல்விக் கொடை என்று மட்டும் சொல்லி அமையலாம். அவர் அதற்கு ஒரு காரணமும் எழுதினார். விவிலிய நூலறிவை இந்திய மக்களிடையே பரப்பி அவர்களைக் கிறித்து சமயத்திற்குத் திருப்புதற்கு வடமொழியறிவு தம் நாட்டார்க்கு உதவும் என்பதே அக்காரணம்.

மகள் 1827-ஆம் ஆண்டில் மறைந்தாள். ஏறக்குறைய 25,000 பவுன் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. வடமொழிக்குப் பீடம் அமைத்தலில் ஆக்ஸ்போர்டு முதலாவதன்று; பாரிஸ் நகரில் 1814-ஆம் ஆண்டிலும், செர்மனியின் பான் நகரில் 1818-ஆம் ஆண்டிலும் அத்தகைய பீடங்கள் தோன்றிவிட்டன. அவ்விரண்டும் மொழியை மொழியாகவே கற்றற்கு அமைந்தவை. ஆக்ஸ்போர்டுப் பீடமோ, ஒரு சமயத்தை அகற்றி மற்றொன்றை நிறுவுதற்குக் கருவியாக அமைந்தது. அப்பீடத்தின் நிழலிலும் அதன் பக்கத்திலும் நடந்த உயர்கல்வி, இருநூறாண்டுக்குள் சிவாகமங்களின் தூய பாடத்தைத் தேடும் பணியில் வந்து நின்ற வரலாறு சைவ மக்கள் அறிதற்குரியது.

முதற் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்து முதுகலைப் பட்டம் பெற்றார் அனைவருக்கும் இருந்தது. அவருட் பெரும்பாலார் ஊர்தோறும் சமயப்பணி புரிந்த பாதிரிமார். வடமொழியில் ஓர் எழுத்தும் அறியாதவர். 1832-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓரேசு எய்மன் வில்சன் 207 வாக்குப் பெற்றார்; கல்கத்தாவில் சமயக் கல்லூரித் தலைவராயிருந்த மில் என்பார் 200 வாக்குப் பெற்றார். ஏழு வாக்கு மறுபக்கம் சாய்ந்திருப்பின் பீடம் நேரே சமயப்பணியாளர் கையிற் புகுந்திருக்கும்.

வில்சனோ மருத்துவராய் 1808-ஆம் ஆண்டில் வங்கம் புகுந்தவர். நாணயச் சாலையிற் பணிபுரிந்து, ஓய்வுநேரத்திற் பண்டிதர்களிடம் வடமொழி கற்றவர். 1819-ஆம் ஆண்டில் வடமொழி ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். தமிழ்நாட்டார் அவரை மறத்தற்கில்லை. கர்னல் மெக்கன்சி தென்னாட்டிற் பல்லாண்டு திரிந்து தொகுத்த சுவடிகளுக்கும் ஊர் வரலாறுகளுக்கும் விளக்க அட்டவணை எழுதி 1828-ஆம் ஆண்டிற் பதிப்பித்தவர் அவரே. தமிழ், தெலுங்கு, கன்னடச் சுவடிகளின் பெயரும் பொருளும் ஐரோப்பிய அறிஞர் கண்ணுக்கு ஒருங்கே வந்தது அவ்வட்டவணையாலேயாம். அதன்கட் பிழைகள் உள. வில்சன் தமிழறியார், உதவியாளர் கூறியதை நம்பினார். எனினும் பின்வந்தார்க்கு அது வாயிலாயிற்று.

இனி, அக்காலத்து இங்கிலாந்தில் உயர்கல்வி எவ்வாறிருந்தது என்பதைச் சிறிது காண்டல் வேண்டும். ஆக்ஸ்போர்டில் இளைஞன் ஒருவன் சில ஆண்டு கிரேக்கமும் இலத்தீனும் கற்றுத் தேர்வெழுதிப் பட்டம் பெறுவான். பின் சில ஆண்டு கழித்து, தேர்வின்றியே கட்டணம் செலுத்தி முதுகலைஞன் ஆவான். பட்டத்திற்கு மேல் ஒரு பழைய நூலை எடுத்து அதன் ஏடுகளை ஒப்புநோக்கி, இது மூலம், இது இடைச்செருகல் என்று காட்டும் பயிற்சி ஆண்டு முறையாக அமைந்திலது. பேராசிரியர் சொற்பொழிவாற்றுவார், கேட்பார் கேட்பர், அவ்வளவே.

செர்மனியில் நிலைமை வேறு. பிரெடரிக் அகஸ்டு வோல்பு என்னும் இளைஞர் 1777-ஆம் ஆண்டில் கெட்டிங்கன் பல்கலைக்கழகம் புகுந்தபோது, தம்மைச் சமயநூல் மாணவராகப் பதியாது, மொழிநூல் மாணவராகவே பதிதல் வேண்டும் என்று வற்புறுத்தினார். பண்டை மொழிகளைச் சமயக் கல்விக்கு ஏவலாக அன்றித் தனித்துறையாகக் கற்கும் வேட்கை அதனால் விளங்கும். பின்னர் அவர் ஹாலே நகரிற் பேராசிரியராகி, 1787-ஆம் ஆண்டில் ஆராய்ச்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அவ்வகுப்பில் ஆசிரியர் பேச மாணாக்கர் எழுதிக்கொள்ளும் வழக்கம் இல்லை. சில மாணாக்கர் ஒரு நூலின் சில அடிகளை முன்வைத்துக்கொண்டு இருப்பர். ஒருவன் பொருள் கூறுவான், மற்றொருவன் மறுப்பான், பாடபேதங்கள் எடுத்துக்காட்டப்பெறும், ஆசிரியர் இறுதியில் வழிப்படுத்துவார். ஒரு நாளில் நான்கடி நடந்தால் அது மிகுதி.

இம்முறை தமிழ்நாட்டார்க்குப் புதியதன்று. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் பாடஞ் சொல்லிய நாளில், சுவடி கையிலேந்திய மாணாக்கர் சூழ்ந்திருந்து ஒரு செய்யுளுக்கு நெடுநேரம் ஐயம் அகற்றிக்கொண்ட முறை அதுவே. அப்பாடத்தில் ஊறிய சாமிநாதையரவர்கள் 1887-ஆம் ஆண்டிற் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கும் பழக்கம் பட்டமும் பல்கலைக்கழகமும் இன்றியே அவர்கட்கு வாய்த்திருந்தது. வேறுபாடு ஒன்றுண்டு. ஆதீனப் பாடத்தில் நூலின் பொருள் கைவருதலே பயன். செர்மானிய வகுப்பில் நூலின் வரலாறும் உடன் ஆராயப்படும். இந்நூல் எக்காலத்தது, இவ்வடி எப்போது புகுந்தது என்னும் வினாக்கள் அங்கே முன்னிற்கும்.

இத்தகைய பயிற்சியில் வளர்ந்து ஆக்ஸ்போர்டு வந்தவர் மாக்ஸ் முல்லர். அவர் 1843-ஆம் ஆண்டில் லைப்சிக் நகரில் முனைவர் பட்டம் பெற்று, பெர்லினில் பாப் என்பாரிடமும், பாரிசில் யூஜீன் பர்னூப் என்பாரிடமும் பயின்றார். இருக்கு வேதத்தைச் சாயணர் உரையோடு முழுவதும் பதிப்பிக்குமாறு ஊக்கியவர் பர்னூப்பே. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பொருளுதவியால் அப்பதிப்பு 1849-ஆம் ஆண்டில் தொடங்கி 1874-ஆம் ஆண்டில் ஆறு தொகுதிகளாய் முற்றுப்பெற்றது. ஒரு நூலுக்கு இருபத்தைந்தாண்டு! இந்திய மண்ணை ஒருநாளும் மிதியாத ஒருவர் இதனைச் செய்து முடித்தமை, ஏடும் பயிற்சியும் பொருளும் ஓரிடத்திற் கூடினால் என்ன நிகழும் என்பதற்குச் சான்றாம்.

வில்சன் 1860-ஆம் ஆண்டில் மறைந்தார். பீடத்திற்கு முல்லரும் மானியர் வில்லியம்சும் போட்டியிட்டனர். வில்லியம்ஸ் பம்பாயில் 1819-ஆம் ஆண்டிற் பிறந்தவர்; கம்பெனி உத்தியோகத்தர்க்கு வடமொழி முதலியன கற்பித்தவர். புலமையில் முல்லர் மேம்பட்டவர் என்பது நாடறிந்தது. ஆயினும் தேர்தல் புலமையைப் பற்றியதாக அமைந்திலது. முல்லர் அயல்நாட்டார் என்றனர். அவர்தம் சமயக் கருத்துக்கள் உறுதியற்றவை என்றனர். போடன் கருதிய பணிக்கு அவர் தகார் என்றனர். இருதிறத்தாரும் செய்தித்தாள்களிலும் துண்டு வெளியீடுகளிலும் தம் கட்சியை எடுத்துரைத்தனர். இதில் நகைப்புக்கிடமான செய்தி ஒன்றுண்டு. முல்லரும் தம் வேதப் பதிப்புச் சமயப்பணியாளர்க்கு உதவும் என்றே வாதாடினார். பழைய கொள்கையில் உறுதியுடைய பூசி என்னும் சமயத்தலைவரும் அதே காரணங் கூறி முல்லரை ஆதரித்தார். அத்தேர்தலில் வடமொழியை வடமொழிக்காகக் கற்றல் தகும் என்று துணிந்து சொல்வார் அரியராயினர். டிசம்பர் 7-ஆம் நாளன்று வாக்கெடுப்பு நடந்தது. வில்லியம்சுக்கு 833, முல்லருக்கு 610. முல்லர்க்கு 1868-ஆம் ஆண்டில் ஒப்பு மொழிநூற் பீடம் ஒன்று புதிதாய்த் தோற்றுவித்து அளிக்கப்பட்டது.

வென்றவர் போடன் கருத்தை மறந்தவரல்லர். வடமொழிக் கல்வியும் சமயப்பணியும் என்பதே அவர்தம் முதற் சொற்பொழிவின் பொருள். ஆயின் அவர் வாழ்நாளில் பெரும்பகுதியை உண்டது அகராதி. அதன் முதற் பதிப்பு 1872-ஆம் ஆண்டில் வெளிவந்தது. திருத்திப் பெருக்கிய பதிப்பு அவர் மறைந்த 1899-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அகராதி எழுதுவார்க்குத் தம் விருப்பம்போற் பொருள் கூறும் உரிமை இல்லை. ஒரு சொல் நூல்களில் எப்பொருளில் வழங்கிற்றோ அப்பொருளையே எழுதுதல் வேண்டும். அதற்கு அவர் செர்மானியர் இயற்றி உருசிய நாட்டிற் பதிப்பித்த பேரகராதியைச் சார்ந்தார். இரண்டாம் பதிப்பிற்கு லாய்மன், காப்பெலர் என்னும் செர்மானியர் இருவர் துணையையும் கொண்டார். அயல்நாட்டார் என்று ஒருவரை விலக்கிய பீடத்தின் தலைசிறந்த நூல், அவர் நாட்டார் உழைப்பின்றி நிறைவேறவில்லை. விவிலியத்தை வடமொழிப்படுத்தற்குத் துணையாகவே போடன் பொருள் வைத்தார் என்பதை அவ்வகராதியின் முன்னுரையிலேயே ஆசிரியர் குறித்துள்ளார். அவ்வகராதியைச் சைவரும் வைணவரும் புத்தரும் சைனரும் தத்தம் நூற்பொருள் காண்டற்கு அன்றுமுதல் இன்றுவரை எடுத்து விரித்து வருகின்றனர்.

அவர் காலத்திலேயே பீடத்தின் விதியும் மாறிற்று. 1882-ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக ஒழுங்குகள் திருத்தப்பெற்றபோது, போடனது சமய நோக்கம் விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. பேராசிரியரை முதுகலைஞர் பேரவை வாக்கிட்டுத் தேர்தலும் ஒழிந்தது. வில்லியம்ஸ் இந்தியாவிற்கு மும்முறை வந்து சுதேச மன்னரிடமும் செல்வரிடமும் பொருள் தொகுத்து, இந்தியக் கழகம் என்னும் கட்டடத்தையும் நூலகத்தையும் ஆக்ஸ்போர்டில் நிறுவினார். இந்திய மன்னர் பொருளால் எழுந்த அக்கட்டடத்தைப் பல்கலைக்கழகம் 1960-களில் வேறு பணிக்கு எடுத்துக்கொண்டது. நூல்கள் பாட்லியன் நூலகத்துட் சென்றன. கொடையாளர் வழியினர் இதனை எவ்வாறு எண்ணுவர் என்பது வேறு கதை.

இவ்வளவும் வடமொழி பற்றியது. தமிழின் நிலை ஆண்டு எவ்வாறிருந்தது? 1820-ஆம் ஆண்டிற் பிறந்து, 1839-ஆம் ஆண்டிற் சென்னை வந்து, தென்னாட்டில் நெடுங்காலம் உழைத்த போப்பையர், முதுமையில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியராயமர்ந்தார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-ஆம் ஆண்டிலும், நாலடியார் 1893-ஆம் ஆண்டிலும், திருவாசகம் 1900-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. திருவாசகப் பணியின் நடுவே, இத்துணைப் பெரிய வேலையை முடிக்கும்வரை தாம் வாழ்தல் அரிது என்று அவர் தளர்ந்து கூற, பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட் அவர் தோள்மேற் கைவைத்து, பெரிய வேலையொன்றைக் கையிற் கொண்டிருத்தலே நெடிது வாழும் வழி என்றும், அது முடியுமளவும் அவர் வாழ்வார் என்றும் தேற்றினாராம். இதனைப் போப்பையரே முன்னுரையில் எழுதியுள்ளார். தேற்றியவர் 1893-ஆம் ஆண்டில் மறைந்தார். தேறியவர் தமது எண்பதாம் பிறந்தநாளன்று அம்முன்னுரைக்குக் கையொப்பமிட்டார்.

போப்பையரின் கல்லறையில் தமிழ் மாணவன் என்று பொறித்துள்ளது என்னும் வழக்கு தமிழ்நாட்டில் மேடைதோறும் கேட்கப்படுகின்றது. ஆக்ஸ்போர்டுத் தூய செபல்கர் இடுகாட்டிலுள்ள கல்லில் அச்சொற்கள் இல்லை. தென்னாட்டைச் சார்ந்தவர், பல்கலைக்கழகத்தில் தமிழ் தெலுங்கு விரிவுரையாளர் என்பனவும், குடும்பத்தாரும் தென்னாட்டுத் தமிழ் அன்பரும் சேர்ந்து அக்கல்லை நாட்டினர் என்பதுமே அதிற் காணப்படுவன. மெய்யான செய்தி கட்டுரையினும் சிறப்புடையதாகவே உள்ளது. தமிழன்பர் கடல்கடந்து ஒரு கல்லுக்குப் பொருள் உதவினர் என்பது எளிய செய்தியன்று.

ஆனால் அக்கல்லோடு ஒரு குறையும் நினைக்கத்தக்கது. போப்பையரிடம் தமிழ் கற்க வந்தோர் பெரும்பாலும் இந்திய ஆட்சிப்பணிக்குத் தேர்வான இளைஞர். அவர்க்கு வேண்டியது மாவட்டத்தில் முறையீடு கேட்டற்குப் போதுமான தமிழ். திருவாசகத்தின் ஏடுகளை ஒப்புநோக்கும் தமிழன்று. 1908-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது திருவாசக மொழிபெயர்ப்பு நின்றது. அதனை ஆக்கிய புலமையை வழிவழி ஏந்தும் மாணாக்கர் கூட்டம் ஆண்டு நின்றிலது. வடமொழிப் பீடத்திற்கு நிலையான பொருள் இருந்தது, மாணாக்கர்க்கு உதவித்தொகை இருந்தது, ஒருவர் பின் ஒருவர் வந்தனர். தமிழ்க்கு ஒரு முதியவரின் அன்பு இருந்தது. அன்பு நூலை ஆக்கும். அடுத்த தலைமுறையை ஆக்குதற்குப் பீடம் வேண்டும்.

வில்லியம்சுக்குப் பின் 1899-ஆம் ஆண்டிற் பீடமேறிய மெக்டானல், முசபர்ப்பூரிற் பிறந்து கெட்டிங்கனிலும் ஆக்ஸ்போர்டிலும் கற்று லைப்சிக்கில் முனைவரானவர். செர்மானிய ஆராய்ச்சி முறை அவரோடு பீடத்திற் புகுந்தது எனலாம். ஏடுகள் இல்லாவிடத்து ஆராய்ச்சி இல்லை என்பதை அவர் நன்கறிந்தவர். அவர் முயற்சியால், நேபாள நாட்டு முதலமைச்சர் சந்திர சம்சேர் 1909-ஆம் ஆண்டில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வடமொழிச் சுவடிகளை பாட்லியன் நூலகத்திற்கு வழங்கினார். 1917-ஆம் ஆண்டில், செர்மனிக்குச் செல்லும் மாணாக்கரைத் தன்பால் ஈர்த்தற்பொருட்டு, ஆக்ஸ்போர்டும் ஆராய்ச்சிக்கு முனைவர் பட்டம் ஏற்படுத்திற்று. பட்டத்திற்கு மேற்பட்ட கல்வி அங்கு முறையாக வேரூன்றியது அதன் பின்னரே. மெக்டானலுக்குப் பின் தாமசும், அவர்க்குப் பின் ஜான்ஸ்டனும் பீடத்தில் அமர்ந்தனர்.

1944-ஆம் ஆண்டில் வந்தவர் தாமஸ் பரோ. போடன் பீடத்தில் ஒரு திராவிட மொழியறிஞர் அமர்ந்தது அதுவே முதன்முறை. அவர் திராவிட மொழிகளின் ஒலியியல் பற்றிய கட்டுரைகளைப் பீடமேறுமுன்னரே எழுதத் தொடங்கியவர். பின்னர் நடு இந்தியக் காடுகளுக்குச் சென்று, எழுத்தற்ற பர்ஜி முதலிய மொழிகளைப் பேசுவார் வாய்வழிக் கேட்டு எழுதினார். அமெரிக்க அறிஞர் எமனோவுடன் கூடி அவர் ஆக்கிய திராவிட மொழிகளின் சொற்பிறப்பகராதி 1961-ஆம் ஆண்டிலும், அதன் இரண்டாம் பதிப்பு 1984-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட வேர்த்தொகுதிகளில், தமிழில் ஒரு சொல் தெலுங்கிலும் கோண்டியிலும் குவியிலும் எவ்வாறு வழங்குகின்றது என்பதை அதன்கட் காணலாம். இன்னும், 1955-ஆம் ஆண்டில் வடமொழி பற்றித் தாம் எழுதிய நூலில், திராவிட மொழிகளிலிருந்து வடமொழி ஏற்ற சொற்களை வரிசைப்படுத்தியும் காட்டினார். வடமொழிக்கென வைத்த பொருள் திராவிடத்தின் தொன்மையை நிறுவுதற்கும் பயன்பட்டது. போடன் இதனைக் கனவிலும் கருதியிரார்.

ஆயினும் சைவ நூலாராய்ச்சி அங்கு வலுப்பெற்றது 1970-களுக்குப் பின்னரேயாம். அலெக்சிஸ் சாண்டர்சன் என்பார் ஆக்ஸ்போர்டிற் பயின்றபின் காசுமீரம் சென்று, இலக்குமணசூ அடிகளிடம் அந்நாட்டுச் சைவ நூல்களைப் பாடங்கேட்டவர். 1977-ஆம் ஆண்டுமுதல் வடமொழி கற்பித்து, 1992-ஆம் ஆண்டில் கீழைச் சமயங்களுக்குரிய ஸ்பால்டிங் பீடத்தில் அமர்ந்து, 2015-ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றார். பல்கலைக்கழகத்து ஏட்டாராய்ச்சியும் ஒரு சைவ ஆசிரியர் அடிக்கீழிருந்து கேட்ட பாடமும் அவர்பால் ஒருங்கு கூடின. 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த சைவ ஊழி பற்றிய அவர்தம் நீண்ட கட்டுரை, ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுக்காலம் காசுமீரமுதல் காம்போசம்வரை மன்னர்கள் போற்றிய தலைமைச் சமயம் சைவமே என்பதைக் கல்வெட்டாலும் ஏட்டாலும் விளக்கிற்று.

அவரிடம் பயின்று முனைவரானவருள் ஒருவர் டொமினிக் குடால். அவர் எடுத்துக்கொண்ட நூல் கிரணாகமம். கருடன் வினவ இறைவன் விடையிறுக்கும் அந்நூல் மூலாகமம் இருபத்தெட்டனுள் ஒன்று என்பது சைவர் அறிந்ததே. தமிழ்நாட்டில் தேவகோட்டைச் சிவாகம சித்தாந்த பரிபாலன சங்கத்தார் 1928-ஆம் ஆண்டில் மிருகேந்திரத்தை நாராயணகண்டர் விருத்தியோடும் அகோரசிவாசாரியார் தீபிகையோடும் அச்சிட்டது போலவே, 1932-ஆம் ஆண்டிற் கிரணத்தையும் கிரந்த எழுத்தில் அச்சிட்டிருந்தனர். அச்சங்கத்தாரின் உழைப்பு இன்றி இத்துறையில் எவரும் ஓரடி நடந்திரார்.

தேவகோட்டைப் பதிப்புக்குத் துணை தென்னாட்டு ஏடுகளே. நேபாளத்திலோ அந்நூலின் பனையோலைச் சுவடி ஒன்று கி.பி. 924-ஆம் ஆண்டில் எழுதப்பட்டுக் கெடாது கிடந்தது. அன்றியும், அந்நூற்றாண்டிற் காசுமீரத்து வாழ்ந்த பட்ட இராமகண்டர் அதற்கு இயற்றிய உரை, காசுமீரத்தில் அன்றித் தென்னாட்டு ஏடுகளிற் காக்கப்பட்டிருந்தது. குடால் இவை மூன்றையும் ஒருங்கு வைத்து, உரையாசிரியர் தம் கண்முன் கொண்ட பாடம் எது, நேபாள ஓலை காட்டும் பாடம் எது, பிற்காலத் தென்னாட்டு ஏடு காட்டும் பாடம் எது என்று அடிதோறும் ஆராய்ந்தார். பழைய ஆகமங்களின் மொழி பாணினி இலக்கணத்திற்கு முற்றும் அடங்குவதன்று. அதனை இறைவன் வழக்கு என்னும் பொருளில் ஐசம் என்று உரையாசிரியர் அமைத்துக்கொண்டனர். பின்னாளில் ஏடெழுதினோர், அத்தகைய இடங்களைப் பிழையெனக் கருதி இலக்கணத்திற்கேற்பத் திருத்தினர். அவ்வாறு திருத்தும்போது சொல் செப்பமுற்றது. பொருள் சிலவிடத்து நழுவிற்று. உரையோடு கூடிய முதல் ஆறு படலங்கள் 1998-ஆம் ஆண்டிற் புதுச்சேரியில் அச்சாயின. ஆறு படலத்திற்கு இத்துணை ஆண்டா என்று வினவுவார்க்கு, ஒரு நாளைக்கு நான்கடி என்னும் கணக்கே விடையாம்.

அது புதுச்சேரியில் அச்சானமைக்குக் காரணமுண்டு. 1955-ஆம் ஆண்டில் ஜான் பிலியோசா என்னும் பிரெஞ்சு அறிஞர் அந்நகரில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தார், கோயிற் குருக்கள் இல்லங்களிலும் மடங்களிலும் கிடந்த ஆகமச் சுவடிகளைத் தேடித் தொகுத்தனர். பண்டிதர் என். ஆர். பட் ரௌரவம், மிருகேந்திரம், அசிதம், மதங்கபாரமேசுரம் முதலியவற்றைப் பல ஏடுகளோடு ஒப்பிட்டு 1961-ஆம் ஆண்டுமுதல் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பித்தார். 2005-ஆம் ஆண்டில், புதுச்சேரியிலுள்ள ஏறக்குறைய 11,000 சைவச் சுவடிகளை ஐக்கிய நாடுகளின் கல்விக் கழகம் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

இவ்வாராய்ச்சியால் அன்பர் சிலர்க்கு உள்ளத்தில் ஓர் அச்சம் எழுகின்றது. ஆகமம் இறைவன் அருளியது. அதற்கு ஐந்தாம் நூற்றாண்டு, ஏழாம் நூற்றாண்டு என்று காலங் கூறுவார் கையில் அதனை விடலாமோ என்பர். இவ்வச்சம் வெறுக்கத்தக்கதன்று. ஆயினும் ஆராய்ச்சியாளர் அளப்பது ஓலையின் வயதையும் சொல்லின் வழக்கையும். சொல்லால் உணர்த்தப்படும் முப்பொருளின் உண்மை அவர் அளவுகோலுக்குள் வருவதன்று. இராமகண்டரும் அகோரசிவாசாரியாரும் தமக்குக் கிடைத்த ஏடுகளின் பாடபேதங்களை எடுத்துக்காட்டி, இது தக்கது, இது தகாதது என்று தெளிந்தவர்களே. அவர் செய்தது பத்தியின்மையன்று. சிவஞானபோத சூத்திரங்கள் ரௌரவத்தினின்று வந்தனவா, தமிழே முதனூலா என்னும் வழக்கு நெடுங்காலமாய்ச் சைவர்க்குள்ளேயே நிகழ்கின்றது. அவ்வழக்கை மேடையில் நின்று தீர்த்தவர் எவருமிலர். ஏடுகளை ஒருங்கு கூட்டி, எழுத்தறிந்து, அடியடியாய்ப் படிப்பார் பலர் தோன்றினாலன்றி அது தீராது.

அஞ்சவேண்டியது வேறொன்று. கிரந்த ஓலையைக் கையிலெடுத்துத் தடையின்றிப் படிப்பார் தொகை குறைந்துவருகின்றது. தந்தையிடம் வேதமும் ஆகமமும் பயின்ற குருக்கள் மரபில், பத்ததி நூல்களை அச்சிற் கண்டு பூசை நிகழ்த்துவார் மிகுதி. மூலாகமத்தின் ஞானபாதத்தை உரையோடு பாடங்கேட்டார் சிலரே. பல்கலைக்கழகங்களிலோ தமிழ் கற்றார் வடமொழி கல்லார். வடமொழி கற்றார் மெய்கண்ட நூல்களைத் தொடார். சைவ சித்தாந்தம் இவ்விரு மொழியிலும் வளர்ந்தது. இரண்டும் வல்ல மாணாக்கனை ஈராண்டோ ஐந்தாண்டோ உணவுக்குக் கவலையின்றி இருத்திப் படிப்பிக்கும் பீடங்கள், அத்தத்துவம் வாழும் நாட்டிலே எத்துணை உள என்று எண்ணிப்பார்த்தல் அன்பர் கடன். போடன் பொருள் வைத்தது தவறான நோக்கத்திற்கே. ஆயினும் அவர் அதனை ஒருநாள் விழாவிற்கு வைத்திலர், என்றும் நின்று பயன்தரும்படி வைத்தார். மடங்களுக்கும் செல்வர்க்கும் அவரிடம் கற்கத்தக்கது அதுவொன்றுண்டு.

நேபாளத்துக் காத்மாண்டு நகரில் ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்தமைந்த பனையோலைச் சுவடி ஒன்றுளது. நிசுவாசதத்துவ சங்கிதை என்பது அதன் பெயர். நிசுவாசம் என்னும் பெயர் மூலாகம வரிசையிலும் உண்டு. இதுகாறும் கிடைத்த சைவத் தந்திரங்களுள் மிகப் பழையது அதுவே என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். ஓரங்கள் சிதைந்து, சொற்கள் இடையிடையே அற்றுப்போன அச்சுவடியைப் படித்தற்குப் பல நாட்டு அறிஞரும் மாணாக்கரும் புதுச்சேரியிற் கூடியிருந்து, இழந்த எழுத்துக்களைப் பிற நூல்களின் துணைகொண்டு ஒவ்வொன்றாய் மீட்டனர். அதன் முதற்றொகுதி, குடால், சாண்டர்சன், ஐசக்சன் முதலியோர் பெயரால், 2015-ஆம் ஆண்டில் அந்நகரிலேயே வெளிவந்தது.